மூன்றாம் சரணத்தில் முந்தும் டிரம்

முதல் சரணத்தில் டிரம்மும் குரலும் ஒட்டிப் பிறந்தவை போல ஓடும். இரண்டாவதில் லேசாக உரசும். மூன்றாவது வந்ததும் டிரம் முந்திக்கொண்டு போய்விடும். குரல் பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி பின்னால் தனியாக வந்துகொண்டிருக்கும். திருச்செங்கோட்டில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து கார்த்திகை மாதம் முழுக்க அறிவுமதி இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏன் இப்படி ஆகிறது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

அவர்கள் மூன்று பேர். அறிவுமதி கிட்டார், பதிவு வேலையும் அவள்தான். குமாரபாளையத்து அன்பரசு டிரம். சேலத்து பெனடிக்ட் பாட்டு. குழுவுக்குப் பெயர் 'பாறைத் தவளை'. ஆழ்துளைக் கிணறு போடும்போது பாறை உடைந்து உள்ளிருந்து உயிரோடு தவளை குதித்ததாகத் துளை போடும் ரிக் வண்டிக்காரர்கள் சொல்வார்கள். நேரில் பார்த்தவர் யாருமில்லை. பார்த்தவரைத் தெரியும் என்பவர்கள் ஊர் முழுக்க உண்டு. அவர்கள் வாசிப்பது சைக்கடெலிக் ராக். கிட்டார் ஒலியை இழுத்து, எதிரொலிக்க விட்டு, கனவுக்குள் கேட்பது போலச் செய்கிற இசை. அறிவுமதியின் அப்பா அதற்குச் சுருக்கமாக ஒரு விளக்கம் வைத்திருந்தார்: "காய்ச்சல்ல கெடக்கறப்பக் கேக்கற பாட்டு."

முதலில் வெளியிட வேண்டிய பாட்டு 'ஆயிரம் அடியில் வானம்'. தண்ணீர் தேடித் துளை போட்டுக்கொண்டே போனவன் அடியில் இன்னொரு வானத்தைப் பார்க்கிற கதை. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்பரசு வீட்டு விசைத்தறிக் கொட்டகையை ஒட்டிய நூல் அறையில் பெனடிக்ட் அதைப் பாடினான். நூல் அறையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வெறும் சுவர் குரலைத் திருப்பி அடிக்கும். நூல் மூட்டை விழுங்கிவிடும். நாலு பக்கமும் கூரை வரைக்கும் மூட்டை அடுக்கிய அறையில் குரல் மட்டும் சுத்தமாக நிற்கும். அன்று பாடியது மாதிரிக்குத்தான். சொல்லும் மெட்டும் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க, ஒரே தடவை. நன்றாகப் பிறகு பாடிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள்.

அந்தப் பிறகு வரவில்லை. வைகாசியில் பெனடிக்டுக்குத் தொண்டை கரகரத்தது. ஆடியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது அவன் மூச்சு விடுவது கழுத்தில் போட்ட துளை வழியாக. அதன்மேல் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்று தொங்கும். பேச வேண்டியதைப் போனில் தட்டிக் காட்டுவான். உலகத்தில் அவன் குரலில் அந்தப் பாட்டு இருப்பது அந்த ஒரே பதிவில்தான்.

அந்தப் பதிவுக்குத்தான் டிரம் ஒட்ட மறுத்தது.

பாட்டுப் பதிவில் 'க்ளிக்' என்று ஒன்று உண்டு. வாசிப்பவர் காதில் மட்டும் டிக், டிக் என்று ஒரே சீராக அடிக்கும். அதை வைத்துக்கொண்டால் தனித்தனியாக வாசித்தாலும் எல்லாம் பொருந்தும். முதல் சரணத்தின் வேகத்தை அளந்து அறிவுமதி க்ளிக் வைத்தாள். மூன்றாவதில் பிசகியது. க்ளிக்கின் வேகத்தைக் குறைத்தாள். மூன்றாவது பொருந்தியது, முதலாவது போயிற்று. குரலைக் கணினியில் சுருக்கிப் பார்த்தாள். பிளாஸ்டிக் குழாய்க்குள்ளிருந்து பேசுவது போல ஆனது. வரி வரியாக வெட்டி நகர்த்தினாள். வெட்டிய இடத்திலெல்லாம் மூச்சு அறுந்து, பாடுவது வேறு யாரோ மாதிரி இருந்தது.

"இது ஆவற கதையில்ல புள்ள," என்றான் அன்பரசு. "வேற யாரையாச்சும் பாட வெச்சரலாம்."

"யார வெக்கறது, உன்னையா? நீ பாடுனா தவளை மறுபடியும் பாறைக்குள்ளயே போயிரும்."

"பெனடிக்ட்டே அதைத்தான சொல்றான்."

சொன்னது உண்மைதான். 'வேற ஆளு பாடட்டும், நான் கோவிச்சுக்க மாட்டேன்' என்று அனுப்பியிருந்தான். அறிவுமதி அதற்குப் பதில் போடவில்லை. அவளுக்கும் அன்பரசுக்கும் மனசுக்குள் ஒரு காரணம் இருந்தது. இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. சித்திரையிலேயே நோய் உள்ளே வேலையைத் தொடங்கியிருக்கும், மூச்சு வாங்கியிருக்கும், அதனால்தான் போகப் போகப் பின்தங்கியிருக்கிறான். அப்படியானால் அதை எந்தக் கணினியாலும் சரிசெய்ய முடியாது.

மார்கழி பிறப்பதற்கு முந்தின சனிக்கிழமை பெனடிக்ட் சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்தான். படி ஏறியதில் கழுத்துத் துணி புடைத்துப் புடைத்து அடங்கியது. உட்கார்ந்ததும் போனை எடுத்துத் தட்டினான்: 'டிரம்மர் இளைச்சுட்டான். என்ன, அடிக்க ஆளில்லையா?'

"உன்னாலதான்யா. உன்ற பின்னாலயே ஓடி ஓடி இளைச்சுட்டேன்," என்று சொன்ன அன்பரசு சட்டென நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அறிவுமதி குரலை மட்டும் தனியாக ஓடவிட்டாள். பெனடிக்ட் கண்ணை மூடிக்கொண்டான். தன் குரலை அவன் ஆடிக்குப் பிறகு கேட்பது அதுதான் முதல் தடவை. அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அறிவுமதி அவன் கையைப் பார்த்தாள். விரல் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது, கொஞ்சம் போட்டது, தயங்கி நின்றது. அவன் கண்ணைத் திறந்து போனில் தட்டினான்.

'தறி எங்க?'

"எந்தத் தறி?"

'செவுத்துக்கு அந்தப் பக்கம் ஓடுச்சே. அதான எனக்குத் தாளம்.'

அன்பரசு சிரித்தான். "ஞாயித்துக்கெழம லீவுய்யா. அன்னைக்குத் தறியே ஓடல."

அறிவுமதி சிரிக்கவில்லை. பெனடிக்ட் மாதாகோவில் பாடற்குழுவில் வளர்ந்தவன். ஆர்கன் எப்படிப் போகிறதோ அப்படிப் போகப் பழகியவன். தானாக எண்ணிப் பாட மாட்டான். பதிவைக் கணினியில் ஏற்றியதும் முதல் காரியமாகத் தான் செய்தது அவளுக்கு நினைவு வந்தது. குரலைப் பிரித்து மற்றதையெல்லாம் தூக்கிப்போடும் மென்பொருளுக்கு அதைக் கொடுத்திருந்தாள். அது எதைத் தூக்கிப்போட்டது என்று ஓடவிட்டுக் கேட்கக்கூட இல்லை. பதிவு வேலை செய்கிற யாரும் கேட்க மாட்டார்கள். அரிசியில் கல் பொறுக்குவது போல, சத்தம் என்றால் முதலில் எடுத்துவிடுவதுதான் பழக்கம்.

நல்லவேளை, மூலப் பதிவை அழிக்கவில்லை. ஓடவிட்டாள்.

கடக். கடக். கடக். மூட்டைகளுக்கு அப்பாலிருந்து, அமுங்கி, ஒற்றைத் தறி ஓடிக்கொண்டிருந்தது.

அன்பரசு ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோனான். "எங்கய்யன்தான். துண்டு ஆர்டர் அவசரம்னு ஒரு தறிய மட்டும் ஓட்டிக்கிட்டிருந்தாரு. எனக்குக் கேக்கவே இல்லையே!"

"உனக்கு எப்பிடிக் கேக்கும்? தறிக்காரன் ஊட்ல பொறந்தவனுக்குத் தறி ஓடறது கேக்காது, நின்னாத்தான் கேக்கும்."

திரையில் ஒலியின் படத்தை அவள் பெரிதாக்கினாள். ஒவ்வொரு தறியடியும் முள் மாதிரி குத்திட்டு நின்றது. ஆரம்பத்தில் முட்கள் நெருக்கமாக இருந்தன. போகப் போக இடைவெளி அகன்றது. ஒரேயடியாக இல்லை, மயிரிழை மயிரிழையாக. பெனடிக்டின் சொற்கள் கடைசி வரை அந்த முட்களின் மேலேயே விழுந்திருந்தன.

"மெசின் எப்பிடி மெதுவாகும்?" என்றாள் அவள். "மோட்டார் ஒரே வேகந்தான சுத்துது?"

"மோட்டார் சுத்தும். அதுக்கும் தறிக்கும் நடுவுல பெல்ட் இருக்குதே. அது தொய்ஞ்சு போய்ட்டா, ஓடி ஓடிச் சூடாவறப்ப வழுக்கும். மோட்டார் முழு வேகத்துல சுத்துனாலும் தறிக்கு அந்த வேகம் போய்ச் சேராது." சொல்லிக்கொண்டே போனவன் நிறுத்தினான். "அதுக்கு அடுத்த வாரந்தான் புது பெல்ட் மாத்துனோம்."

பெனடிக்ட் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தட்டினான். தட்டியதை அழித்தான். மறுபடி தட்டிக் காட்டினான்.

'அப்ப அன்னைக்கு எனக்கு மூச்சு வாங்கல?'

இத்தனை மாதம் அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"இல்லய்யா," என்றாள் அறிவுமதி. "பெல்ட்டுக்குத்தான் மூச்சு வாங்கிருக்குது."

அவன் சிரித்தான். சிரிப்புக்கு இப்போது சத்தம் கிடையாது. கழுத்துத் துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. அதற்குமேல் அவனுக்காக அவர்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. குரல் திரும்பப் போவதில்லை, இன்னொரு பாட்டு அவன் பாடப் போவதும் இல்லை. இந்த ஒரு பாட்டை அவன் பாடினபடியே முடித்துக் கொடுக்கத்தான் முடியும்.

பதிவின் கடைசியில் தறி திடீரென்று நிற்கிறது. தறியில் குறுக்கே நூலைக் கொண்டு ஓடும் நாடாவுக்குள், நூல் சுற்றிய தார்க்குச்சி இருக்கும்; அதில் நூல் தீர்ந்துவிட்டால் தறி தானாக நின்றுவிடும். அது நின்றதும் பெனடிக்டும் பாதி வரியில் நிறுத்தியிருந்தான். அந்த வரியை எப்படி முடிப்பது என்று அறிவுமதி கார்த்திகை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்பரசு டிரம் குச்சிகளை எடுத்தான். "என்ன பண்ணோணும், சொல்லு."

அவள் சொன்னாள். சுத்தம் செய்த குரலை விட்டுவிட்டு மூலப் பதிவையே வைத்துக்கொள்ள வேண்டும். க்ளிக்கை அணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு தறியடியையும் ஓர் எண்ணிக்கையாக வைத்து, டிரம்மைத் தறிக்கு வாசிக்க வேண்டும். தறி மெதுவாகும்போது டிரம்மும் மெதுவாக வேண்டும். தார் தீர்ந்து தறி நிற்கும் இடத்தில், அந்தப் பாதி வரியோடு பாட்டு முடியும்.