யாரும் பிடிக்காத ஓட்டம்

அப்படின்னா விளையாட்டுல என்னை மட்டும் ஏன் யாரும் பிடிக்க மாட்டேங்கிறாங்க என்று கேட்டுவிட்டு மகள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள், நான் ஊசியில் நூல் கோக்கப் பார்க்கிறேன், முனை பிரிந்து பிரிந்து போகிறது, எச்சில் தொட்டு முறுக்கினாலும் பிரிகிறது... அதற்கு முன்னால் கேட்டதுதான் பெரிய கேள்வி, அதை ஏதோ ரிப்பன் எங்கே என்று கேட்பதைப் போலக் கேட்டாள், அம்மா நான் செத்துப்போயிடுவேனா. டாக்டர் என்ன சொன்னாங்க, ரத்தம் சுத்தமாயிடுச்சு, புற்றுநோய் போயிடுச்சு, இனி எப்பவாவது வந்து காட்டினா போதும்னாங்கல்ல, நீயும்தானே கேட்டே. கேட்டேன், என்றாள். பொய் சொல்கிற பெரியவர்களை மன்னிக்கிற குரல். ஏழு வயதில் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது?

கீழே விளையாட்டு தொடங்கிவிட்டது. இந்தக் கட்டடத்தின் முற்றத்தில் தினமும் ஓடிப்பிடித்துத்தான், என் சுண்டெலி மட்டும் அவுட் ஆவதே இல்லை. துரத்துகிறவனுக்கு அவள் பின்னால் ஓடும்போதுதான் செருப்பு கழலும், மூச்சு வாங்கும், மூன்றாம் மாடி நெட்டச்சி அத்தனை நீளக் கையை நீட்டிவிட்டு ஒரு சாண் முன்னாலேயே நிறுத்திக்கொள்வாள். விழுந்தால் ரத்தம் நிற்காது என்று யார் சொன்னது, நான்தானே, படிக்கட்டில் உட்கார்ந்து கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் மனைவியிடம் ஒருமுறை அழுதேன், அவ்வளவுதான், இங்கே சேதி போக லிஃப்ட் வேண்டாம், சாயங்காலத்துக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. எவ்வளவு நல்லவர்கள். மாற்றி மாற்றிச் சமைத்துக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போனார்கள், பேச்சுக் கொடுத்தால் நான் உடைந்துவிடுவேன் என்று மணி கூட அடிக்கவில்லை. நான் வேலை பார்க்கிற தையல் கடை முதலாளியம்மா தைக்கிற துணியை வீட்டுக்கே அனுப்பினாள். எலக்ட்ரீஷியன் தன்னுடன் வேலை செய்கிறவர்களையெல்லாம் கூட்டிவந்து ரத்தம் கொடுத்தார், இன்று காலையில்கூடப் படியில் மறித்துக்கொண்டு, பாப்பா உடம்புல ஓடுறது என் ரத்தமாக்கும், இனிமே கணக்குல முட்டைதான் வாங்குவா, என்னைக் குறை சொல்லக் கூடாது அக்கா, என்றார். சிரித்தேன். எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். எல்லாருமாகச் சேர்ந்து தூக்கிக் கரையில் போட்ட ஆள் நான், இன்னும் கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தால் அவர்கள் என்னதான் செய்வார்கள் பாவம்...

ஆனால் முதலில் வந்தது வெறும் நீலக் கன்றல்தானே. கெண்டைக்காலில் ஒன்று, இடுப்பில் ஒன்று, எங்கடி போய் இடிச்சுக்கிட்டே, கண்ணு பிடரியிலயா இருக்கு என்று திட்டிக்கொண்டே மருந்து தடவினேன். விளையாடுகிற எந்தப் பிள்ளைக்கும் இருக்கும் கன்றல். இப்போது குளிப்பாட்டும்போது திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், சுத்தமான கால், யாரும் தள்ளாத, எங்கும் விழாத கால். நாளைக்கு அவளும் விழுவாள், நீலம் வரும், அது எந்த நீலம் என்று எனக்கு எப்படித் தெரியும்? டாக்டர் சிரித்தார், எல்லாப் பிள்ளைங்களுக்கும் வர்றதுதாம்மா. அப்போதும் அப்படித்தானே வந்தது.

அவள் ஓடுவதைப் பார்க்கிறேன். ஓடவில்லை, நடக்கிறாள். நடுமுற்றத்தில் நின்றே விட்டாள், துரத்துகிறவள் நெட்டச்சி, அவள் இவளைச் சுற்றிக்கொண்டு வேறு யாரையோ துரத்திப் போகிறாள், இவள் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், இருக்கிறேனா என்று பார்ப்பதுபோல... எப்போது ஜன்னலைத் திறந்தேன்?

"ஏய் நெட்டச்சி. இவளையும் பிடி."

"ஐயோ, எங்கம்மா தோலை உரிச்சிடுவாங்க ஆன்ட்டி. அவளுக்கு ரத்தம் நிக்காதாமே."

"இப்ப நிக்கும்."

"நிஜமாவா?"

நிஜமாவா. இதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கேட்க எனக்கு ஆள் இல்லை. நிஜமாத்தான்டி, என்றேன், குரல் யாருடையதோ போல வெளியே போனது. சுண்டெலி அண்ணாந்து பார்த்தாள், திரும்பினாள், ஓடினாள். ஓடத் தெரிகிறது அவளுக்கு, எனக்குத்தான் மறந்துபோயிருந்தது, முழங்கை மடக்கி, தலையைச் சாய்த்து, நெட்டச்சி உண்மையாகவே துரத்துகிறாள், பிடி, வேண்டாம், பிடி... முதுகில் கை பட்டது. அவுட் என்ற சத்தமும் அவள் சிமெண்டில் விழுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

பிள்ளைகள் நின்ற இடத்தில் நிற்கிறார்கள். எலக்ட்ரீஷியன் வண்டியைச் சாய்த்துப் பிடித்தபடி, அவர் மனைவி ஈரக் கையோடு வாசலில். ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் மேலே, என் ஜன்னலைப் பார்க்கிறார்கள். அவளும்தான், முழங்காலில் சிவப்பு கசிகிறது, அதைக் குனிந்து பார்க்காமல் என்னையே பார்க்கிறாள், அழுவதா வேண்டாமா என்று என் முகத்தில் தேடுகிறாள்... இவ்வளவு நாளும் இவர்கள் அவளையா விழாமல் பார்த்துக்கொண்டார்கள், என்னையா? கீழே இத்தனை முகங்கள் காத்திருக்கின்றன, நான் என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கிறேன்.