பேசக்கூடாத அரை மணி நேரம்

திரைச்சீலை மாட்டுவது அவள் வேலை. ஏணியில் ஏறி, கம்பி பொருத்தி, மடிப்புக் குலையாமல் துணியைத் தொங்கவிடுவதில் கடையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சில மாதங்களாக இடது காது மந்தமாகி, அதில் ஓயாத இரைச்சல். அது ஏறினால் அறையே பம்பரமாகச் சுழலும். வாந்தி எடுத்து, சுருண்டு கிடப்பாள். மாத்திரைக்குக் கேட்கவில்லை. உட்காதில் நீரழுத்தம் கூடியிருக்கிறது, செவிப்பறை வழியாக ஊசியில் மருந்து விட்டுப் பார்க்கலாம் என்றார் காது மருத்துவர். கணவன் வெளியூரில் இருந்ததால் அவனுடைய அக்கா துணைக்கு வந்தாள்.

செவிப்பறையை மரக்கவைத்து, மெல்லிய ஊசியால் மருந்தைச் செலுத்தினார்கள். தலை ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது. அந்தக் காது மேலே இருக்கும்படி அரை மணி நேரம் ஒருக்களித்துக் கிடக்க வேண்டும்; பேசக் கூடாது, எச்சில்கூட விழுங்கக் கூடாது, மருந்து தொண்டைக்கு வடிந்துவிடும் என்று சொல்லி, செவிலி வாயோரம் பஞ்சு வைத்தாள்.

நல்ல காது தலையணையில் புதைந்திருக்கிறதே, இவளுக்கு எதுவும் கேட்காது என்று நினைத்து நாத்தனார் பேச ஆரம்பித்துவிட்டாள். அந்தக் குரலுக்குத் தலையணை எம்மாத்திரம்? மாமியார் இடுப்பு ஒடிந்து படுத்த நாளிலிருந்துதான் இவளுக்குத் தலைசுற்றலாம். அடுப்படிக்குக் கூப்பிட்டால் போதுமாம், படுத்துக்கொள்வாளாம்.

"எல்லாம் நடிப்பும்மா," என்றாள் செவிலியிடம்.

படுத்திருந்தவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நடிப்பவள் தன் வாந்தியைத் தவழ்ந்துபோய்த் தானே துடைப்பாளா?

நாத்தனார் அதோடு விடவில்லை. தலைசுற்றுகிறவள் ஏணி ஏறலாமா, வேலையை விட்டுவிடட்டும் என்று தம்பியிடம் பேசி முடித்தாயிற்று, கடை முதலாளிக்கும் காலையிலேயே போன் செய்தாயிற்று, இனி வீட்டோடு இருந்து அம்மாவைக் கவனித்துக்கொள்வாள் என்றாள்.

துள்ளி எழத் தோன்றியது. எழுந்தால் மருந்து வீண். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். எச்சில் வழிந்து பஞ்சு ஊறியது.

நேரமாயிற்று என்று செவிலி தோளைத் தட்டியதும் மெதுவாக எழுந்து, கிண்ணத்தில் துப்பி, வாயைத் துடைத்தாள்.

"அண்ணி, நான் வீட்ல படுத்தா நடிப்பு. வேலைக்குக் கிளம்பினா வியாதி. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

"உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்."

"என் நல்லதுன்னா என்கிட்ட கேட்டிருக்கணும். காதுதான் கெட்டுப்போச்சு, வாய் நல்லாத்தான் இருக்கு."

நடைவழிச் சுவரில் சாய்ந்தபடியே முதலாளிக்குப் போன் செய்தாள். குணமாகும்வரை ஏணி வேண்டாம், கீழே நின்று அளவெடுத்து வெட்டிக்கொடு என்றார் அவர். அடுத்தது கணவன். பேசி முடித்தது என்ன என்று கேட்டாள். அக்கா சொன்னாள், சரி என்றேன் என்றான் அவன். பகலில் உங்கள் அம்மாவை உங்கள் அக்கா பார்க்கட்டும், ராத்திரி நாம் பார்ப்போம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

இன்னும் சில ஊசிகள் போட்டார்கள். மந்தமான காது மந்தமாகவே இருந்தது. ஆனால் சுழற்சி குறைந்துகொண்டே வந்து ஒருநாள் நின்றது. மருத்துவர் சம்மதித்த பிறகு, கீழே ஒருத்தி பிடித்துக்கொள்ள, மறுபடி ஏணி ஏறினாள்.

நாத்தனார் இப்போது அம்மாவைக் கவனிக்கத் தினமும் காலையில் வருகிறாள். தான் கூட்டிப்போய் ஊசி போட வைத்ததால்தான் தம்பி பெண்டாட்டி பிழைத்தாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் இவளுக்கு இன்னமும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.