வடக்குச் சுவருக்கு ஒரு பூச்சு

என் கணவர் மகேந்திரனுக்கு என்னில் இருக்கும் நம்பிக்கையைவிடச் சீமெந்தில் இருக்கும் நம்பிக்கை பெரிது. இருபத்திரண்டு வருடம் சுவிஸில் கட்டட வேலை செய்த மனிதர். ஃப்ரிபூர்க்குக்கு மேலே, மலைச்சரிவில் இருந்த பழைய கல் மாட்டுக்கொட்டிலை வாங்கி வீடாக்குவோம் என்று அவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன். எம்மன்புரூக்கேயில் இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு வந்தோம். திரும்பிப் போக இடமில்லை.

கொட்டிலின் சுவர் முக்கால் மீட்டர் தடிப்பு. வெளியே ஒரு கல்வரிசை, உள்ளே ஒரு கல்வரிசை, நடுவில் சல்லியும் மண்ணும். கற்களைச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியிருந்தார்கள். வடக்குச் சுவரில் அந்தச் சாந்து விரல் பட்டாலே உதிர்ந்தது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று சொல்லி, சமையலறை வேலையைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு, உள்ளும் புறமும் சீமெந்து பூசினார். எங்கள் ஆட்கள் அதை உடம்பைப் பார்த்துக்கொள் என்பதற்குத்தான் சொல்வார்கள். இவருக்கு அது கல்லுச் சுவர்தான். பூசி முடித்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருந்தது. நானும் மெச்சினேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அடுத்த ஒக்டோபரில் சுவர் வயிறு தள்ளியது. பழைய கட்டடங்களைப் பார்க்கக் கன்டோன் அரசு அலுவலகத்திலிருந்து வந்த பெண் அதில் சின்னத் துளை ஒன்று போட்டாள். தண்ணீர் வடிந்தது. கல்லுச் சுவர் குடிக்கிற ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விடும், சீமெந்து விடாது, நடுவில் இருந்த மண் சேறாகிவிட்டது என்றாள். முட்டுக் கொடுத்துவிட்டு, உறைபனிக்கு முன் சீமெந்தை உரித்தால் சுவர் தப்பலாம். இல்லையென்றால் கொட்டிலையே இடிக்க வேண்டும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

பத்தொன்பது நாள் உளியும் கையுமாக நின்றார். நின்றபடியே சாப்பிட்டார். இருமினார். முழங்கால் வீங்கியது. நான் உடைந்ததை அள்ளிக்கொண்டே திட்டினேன், திட்டிக்கொண்டே அழுதேன். சீமெந்து வரும்போது கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. உரித்த இடமெல்லாம் சுவர் இன்னும் பிதுங்கியது. அதை அழுகவைத்த சீமெந்தேதான் அதைப் பிடித்துக்கொண்டும் இருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு முதலே விளங்கியிருக்கும். ஆனாலும் உளியைக் கீழே வைக்கவில்லை.

இருபதாம் நாள் காலை வாளித் தண்ணீர் உறைந்து கட்டியாகியிருந்தது. வெயில் ஏறியபோது முட்டுமரம் ஒன்று முறுகிச் சத்தம் போட்டது. மகேந்திரன் ஓடிப்போய் இரண்டு உள்ளங்கையையும் சுவரில் வைத்து அழுத்தினார்.

"நீர் தள்ளிப் போம், சிவகலா. நான் பிடிச்சுக்கொள்ளுறன்."

எத்தனையோ தொன் கல்லு. இந்த மனிதரின் இரண்டு கை. எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. கிட்டப் போய் அவருடைய சட்டையைப் பிடித்தேன்.

"இஞ்சாருங்கோ, சுவர் இருந்தாத்தான் சித்திரம். விட்டிட்டு வாங்கோ."

எத்தனையோ நாளுக்குப் பிறகு சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். கையை எடுத்தார்.

நாங்கள் ஆப்பிள் மரத்தடிக்குப் போய்ச் சேர்வதற்குள் வடக்குச் சுவர் இறங்கியது, கூரையும் பின்னால் வந்தது. புழுதி அடங்க வெகுநேரமானது. கல்லெல்லாம் சிதறிச் சேற்றில் கிடந்தது. அவர் உரிக்காமல் விட்டிருந்த சீமெந்து மட்டும், கதவு அகலத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல் மேலே கிடந்தது.