ஏழாவது உருப்படி

“ஏழாவதைத் தனியா எடுங்க.”

சான் எலிசேயோ நகர மன்றக் கூடத்தில் நான் இதைச் சொல்லவே கூடாது என்று வேலையில் சேர்ந்த முதல் நாளே உத்தரவு. போட்டவர் நகர மேலாளர் டேல் ஹட்சின்ஸ். “மன்றத்துல கேள்வி கேட்டா நம்ம ஆபீஸ் ஆளுங்க பதில் சொல்லலாம். அவ்வளவுதான். ஒப்புதல் பட்டியல்ல இருந்து எதையாவது எடுங்கன்னு மட்டும் நீ கேட்டுடாதே.”

ஒப்புதல் பட்டியல் என்பது ஒரு மூட்டை. போன கூட்டத்தின் குறிப்பு, தெருவிளக்குப் பழுது, நாய் உரிமக் கட்டணம் என்று யாரும் சண்டை போடாத விஷயங்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி, ஒரே கைதூக்கலில் நிறைவேற்றிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஒன்றை உருவி எடுத்தால் அதைப் பற்றிப் பேச வேண்டும். பேசினால் ஹட்சின்ஸின் சாப்பாடு ஆறிப்போகும். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்கு இதுவரை தெரியவில்லை.

அந்த மூட்டையில் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஏழாவதாக ஒரு தீர்மானம் வரும். பூங்காக்களுக்கும் விளையாட்டு இடங்களுக்கும் மாநில அரசு தருகிற நிதியை எங்கள் நகரம் ஆதரிக்கிறது, எங்களுக்கும் அதில் பங்கு வேண்டும் என்று சொல்லும் தீர்மானம். இந்த வருடம் அந்த நிதியையே வெட்டிவிடலாமா என்று மாநில அரசு யோசிக்கிறது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தலைநகர் சாக்ரமெண்டோவில் சட்டமன்றக் குழு கூடுகிறது. எந்தெந்த ஊர் கேட்கிறது, எதற்குக் கேட்கிறது என்று அங்கே பார்ப்பார்கள். கேட்காத ஊரை யாரும் தேடி வரப் போவதில்லை.

நான் நயேலி பன்யுவேலோஸ். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு வாரத்துக்கு இருபது மணி நேரம் கால்பந்துகளுக்குக் காற்றடிக்கிறேன். நகராட்சியின் பூங்காத் துறை என்றால் நான், ஒரு காற்றுப் பம்பு, ஒரு சாவி வளையம். அதிலுள்ள பெரிய சாவி நீச்சல் குளத்து மோட்டார் அறைக்கு. பதினோரு வருடமாக அந்தக் குளத்தில் தண்ணீர் இல்லை. ஆழமான பக்கத்தில் ஒரு அத்தி மரம் முளைத்து, இப்போது என்னைவிட உயரமாக நிற்கிறது.

அன்று மாலை ஐந்தே முக்காலுக்கு மன்றத்துக்கான தாள்களை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் ஏழாவது உருப்படியில் சிக்கிக்கொண்டது. இழுத்து எடுத்தவள், கையில் இருந்ததே என்று படித்தேன். முதல் வரியில் ‘சான் எலிசேயோ நகர மன்றம்’ என்று சரியாக இருந்தது. நான்காவது பத்தியில், ‘குறிப்பாக, ஹார்லோ நகரின் கிழக்குப் பூங்கா நீச்சல் குளத்தை விரிவாக்க மாநில நிதி வழங்குமாறு இம்மன்றம் முழுமனதுடன் கேட்டுக்கொள்கிறது’ என்று இருந்தது.

ஹார்லோ பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கிற பக்கத்து ஊர். அவர்களுக்கு இரண்டு குளங்கள். ஒன்றில் சறுக்குமரம்கூட உண்டு.

பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். போன வருடமும் ஹார்லோ. அதற்கு முந்தைய வருடமும். மொத்தம் நான்கு வருடம். ஹட்சின்ஸ் ஹார்லோவில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தும் நான்கு வருடம். வரும்போது தீர்மானத்தின் நகலையும் கணினியில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். தலையில் ஊர்ப் பெயரை மாற்றினார். வயிற்றில் மாற்ற மறந்துவிட்டார். ஐந்து மன்ற உறுப்பினர்களும் நான்கு முறை கை தூக்கியிருக்கிறார்கள். ஒருவர்கூடப் படிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஹார்லோ நகராட்சியிலிருந்து எங்களுக்கு இரண்டு பெட்டி ஆரஞ்சு வரும். ‘உங்கள் தொடர்ந்த ஆதரவுக்கு நன்றி’ என்று அட்டையில் எழுதியிருக்கும். என்ன ஆதரவு என்று நாங்கள் கேட்டதே இல்லை. போன டிசம்பரில் நான் மட்டும் எட்டுப் பழம் தின்றேன்.

ஹட்சின்ஸிடம் ஓடினேன். படித்துப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

“அடுத்த மாசம் திருத்திக்கலாம்.”

“குழு நாளைக்குக் கூடுது.”

“இப்ப இதை வெளிய எடுத்தா ஊரே சிரிக்கும், நயேலி. பேசாம போய் உக்காரு.”

நான் கழிப்பறைக்குப் போய், நகராட்சி முத்திரை போட்ட நீலச் சட்டையைக் கழற்றினேன். உள்ளே ‘சேலாவின் காலை நடனக் குழு’ என்று எழுதிய மஞ்சள் பனியன் போட்டிருந்தேன். கூடத்து வாசலில் பேச்சாளர் சீட்டுகள் அடுக்கியிருக்கும். ஊழியர்கள்தான் வாய் திறக்கக் கூடாது. ஊரில் குடியிருக்கிற எவரும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் வாக்கெடுப்புக்கு முன்பு மூன்று நிமிடம் பேசலாம். எழுதினேன். கொடுத்தேன். ஒலிவாங்கி முன்னால் போய் நின்றதும், பேசும் நேரத்தைக் காட்டும் விளக்கு பச்சையில் எரிந்தது. சொல்லக் கூடாத அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

மேயர் டெல்ஃபினா கோர்டோவா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பகலில் அழகு நிலையம் நடத்துகிறவர். கூடத்தில் இருந்த பாதித் தலைகள் அவர் கைவண்ணம்.

“நயேலி? நீ ஆபீஸ் ஆளாச்சே. அங்க நின்னு என்ன பண்றே?”

“ஆறு மணியோட என் வேலை நேரம் முடிஞ்சுது மேயர். இப்ப நான் மேப்பிள் தெரு நாலாம் நம்பர் வீடு.”

“மணி ஆறு பத்து. பொண்ணு சொல்றது சரிதான்” என்றார் மன்ற உறுப்பினர் மனுவெல் சில்வேரா, கடிகாரத்தைப் பார்த்து. பால் பண்ணைக்காரர். மாநிலத்திடம் கையேந்துவது அவருக்கு ஆகவே ஆகாது. மூட்டையோடு மூட்டையாகப் போவதால் ஏழாவதற்கும் கை தூக்குவாரே தவிர, தனியாக எடுத்தால் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

“மேயர், இது ஒரு சின்ன அலுவலகத் தவறு...” என்று ஹட்சின்ஸ் எழுந்தார்.

“டேல், அவ விளக்கு பச்சையில இருக்கு. உக்காருங்க.”

நான்காவது பத்தியைச் சத்தமாகப் படித்தேன். பிறகு முந்தைய நான்கு வருடங்களின் நான்காவது பத்தியையும் படித்தேன். 

சில்வேராதான் முதலில் வாய் திறந்தார். “அப்போ... அந்த ஆரஞ்சு?”

“அதுக்குத்தான்.”

பின்வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. என் சித்தி சேலாவும் அவர் நடனக் குழுப் பெண்கள் பதினோரு பேரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே நூற்றாறு டிகிரி வெயில். மன்றக் கூட்டம் நடக்கிற நாளில் ஓசியில் குளிர்காற்று வாங்க வருவது அவர்கள் வழக்கம்.

“நாலு வருஷமா அடுத்த வீட்டுப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக் குடுத்திருக்கோம்! நம்ம பொண்ணு இன்னும் கன்னி கழியலையேன்னு அழுதுகிட்டும் இருந்திருக்கோம்!” என்றார் சித்தி.

மேயர் சுத்தியலைத் தட்டினார். “சேலா, பேசணும்னா சீட்டு எழுதிக் குடு.”

“எழுதறேன். பேனா இருந்தா அனுப்பு. ஏ புள்ளைங்களா, எல்லாரும் ஆளுக்கொன்னு எழுதுங்கடி!”

பன்னிரண்டு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். ஹட்சின்ஸ் மனக்கணக்குப் போடுவது அவர் முகத்தில் தெரிந்தது.

என் விளக்கு மஞ்சளுக்கு மாறியது. சிரிப்பு அடங்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை.

“எனக்குச் சிரிப்பு வரல. போன ஜூலையில என் தங்கச்சி டுல்சே பாசனக் கால்வாய்ல குளிக்க இறங்குனா. பன்னெண்டு வயசு. நீச்சல் தெரியாது. யாரு கத்துக் குடுக்கறது? எங்க வச்சுக் கத்துக் குடுக்கறது? தண்ணி இழுத்துட்டுப் போச்சு. கரையில போன ஒருத்தர் குதிச்சு, முடியப் பிடிச்சு இழுத்துப் போட்டாரு. இந்தக் கோடையிலயும் புள்ளைங்க அங்கதான் இறங்குதுங்க. நேத்து ஒம்பது பேர எண்ணிட்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த மனுஷன் அந்தப் பக்கமாப் போயிட்டிருப்பாரா?”

விளக்கு சிவந்தது. நிறுத்தினேன்.

சில்வேரா மேசையில் கிடந்த பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் அவர்தான். ஊரில் யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

“அந்த ஆளுக்கு அன்னிக்குத் தண்ணியோட போனது ஒரு பூட்ஸ்தான். ஒத்தக் கால் பூட்ஸ்” என்றார் அவர், பென்சிலைப் பார்த்தபடியே. பிறகு நிமிர்ந்தார். “மேயர், ஏழாவதைத் தனியா எடுக்கச் சொல்லி நான் கேக்கறேன். ஹார்லோவை அடிச்சிட்டு நம்ம குளத்தோட பேரப் போடுங்க. அப்புறம், ‘கேட்டுக்கொள்கிறது’ன்னு கும்பிடு போட்டிருக்கே, அது வேண்டாம். ‘கேட்கிறது’ன்னு போடுங்க. நம்ம வரிப்பணத்தைத்தானே கேக்கறோம்.”

“மனுவெல், நீங்களா?” என்றார் மேயர்.

“ஆமா, நானேதான். சீக்கிரம் ஓட்டுக்கு விடுங்க, மாடு பால் கட்டிக்கிட்டு நிக்குது.”

ஐந்து கைகள் உயர்ந்தன. பின்வரிசையில் பன்னிரண்டு பேரும், இன்னும் கொடுக்காத சீட்டோடு, கை தூக்கினார்கள். அவர்களுக்கு ஓட்டு கிடையாது என்று மேயர் சொன்னதற்குச் சித்தி, “எண்ண வேண்டாம், சும்மா பாரு” என்றார்.

மேயர் தன் பேனாவாலேயே ஹார்லோவை அடித்து, திருத்தி, கையெழுத்துப் போட்டு, ஓரத்தில் முத்திரை குத்தினார். அதோடு விடவில்லை. பத்து நிமிட இடைவேளை விட்டுவிட்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் ஹார்லோ மேயருக்குத் தொலைபேசியில் அடித்தார். அந்தம்மாள் பதினைந்து வருடமாக இவரிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறார்.

“காரென், நாலு வருஷமா என் ஊரு உன் குளத்துக்கு எழுதிக் குடுத்திருக்கு, தெரியுமா?”

“தெரியுமே!” ஒலிபெருக்கியில் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. “பக்கத்து ஊரு ஆதரவுன்னு சாக்ரமெண்டோவுல தனியா மார்க்கு போட்டாங்க டெல்ஃபினா. சறுக்குமரமே அதுலதான் வந்துச்சு. எவ்வளவு பெரிய மனசு உங்களுக்குன்னு நாங்க எல்லாரும்...”

“பெரிய மனசும் இல்ல, ஒன்னும் இல்ல. எங்களுக்குப் படிக்கற பழக்கம் கிடையாது. இப்ப உன் முறை. நாளைக்குக் காலையில எட்டு மணிக்குள்ள எங்க குளத்துக்கு உன் ஊரு ஒரு கடிதம் அனுப்பணும்.”

 அந்தப் பக்கம் மூச்சு வாங்க வாங்கச் சிரிப்பு. “இன்னிக்கே அனுப்பறேன். ஆரஞ்சாவது நல்லா இருந்துச்சா?”

“தோலு தடிமன்” என்று சில்வேரா பின்னாலிருந்து கத்தினார்.

கூட்டம் முடிந்தபோது மணி ஏழரை. ஜன்னல் வழியாக இன்னும் வெயில் சாய்வாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. யாரோ வண்டியிலிருந்து மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்த் துண்டுகளைக் கொண்டுவந்து சுற்றுக்கு விட்டார்கள். நடனக் குழுவின் மூன்று பேர் மன்றக் கூடத்திலேயே ஆட ஆரம்பித்துவிட்டார்கள். மேயர் தடுக்கவில்லை. இடுப்பை இன்னும் கொஞ்சம் வளைக்கச் சொன்னார்.

மைகூடக் காயாத தீர்மானத்தை உறையில் போட்டுக்கொண்டு ஹட்சின்ஸின் மேசைக்குப் போனேன்.

“மின்னஞ்சல்ல அனுப்பிடு” என்றார்.

“நாலு வருஷம் மின்னஞ்சல்லதான் போச்சு. அங்க மார்க்கு போட்டதோட சரி, உங்க ஊருக்கு என்ன வேணும்னு யாரும் கேக்கல. நேர்ல போனா ஊருக்கு ஒருத்தர் ஒரு நிமிஷம் பேசலாம்.”

“ஊழியர் போக முடியாது. போனாலும் தீர்மானத்தை வாசிக்கலாமே தவிர, கால்வாய் கதையெல்லாம் சொல்ல முடியாது. நாளைக்கு எட்டு மணிக்கு நீ உன் மேசையில இருக்கணும். இல்லேன்னா அப்புறம் வரவே வேண்டாம்.”

“டேல், இன்னிக்குமா?” என்றார் மேயர், வாயில் மாங்காயோடு.

“ஊழியர் விஷயம் என் அதிகாரம் மேயர். மன்றத்தோடது இல்ல.”

அது உண்மை. மேயர் என்னைப் பார்த்தார். இரண்டு நிமிடம் கொடுத்தால் ஏதாவது சமாதானம் பேசியிருப்பார். எனக்காக அவர் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. இந்த வேலை போய்விடும் என்று கழிப்பறையில் பொத்தானைக் கழற்றும்போதே எனக்குத் தெரியும். இல்லாவிட்டால் தலைநகருக்குப் போகிற வழியில் ஸ்டாக்டனில் இருக்கிற தன் மகளுக்கு, இன்றைக்குத் தங்க வருகிறோம் என்று ஆறு மணிக்கே செய்தி அனுப்பச் சொல்லிச் சித்தியிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

நீலச் சட்டையை நான்காக மடித்து அவர் மேசையில் வைத்தேன். அலுவலகச் சாவியை வளையத்திலிருந்து கழற்றி அதன் மேல் வைத்தேன். காற்றுப் பம்பு இழுப்பறையில் இருக்கிறது, ஊசி வளைந்திருக்கிறது, புதிது வாங்குங்கள் என்று சொன்னேன். மோட்டார் அறைச் சாவியை அவர் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

வெளியே சித்தியின் வேன் உறுமியது. “ஏய் மேப்பிள் தெரு நாலாம் நம்பர்! வரியா, இல்ல நாங்களே போய்ப் பேசட்டுமா?”

அந்தச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, தட்டிலிருந்து இன்னும் ஒரு மாங்காய்த் துண்டை எடுத்துக் கடித்தபடி, கதவைத் தோளால் தள்ளி வெயிலுக்குள் இறங்கினேன்.