உப்புத்துறையின் நீலக் கால்வாய்கள்

உப்புத்துறை என்றொரு நகரம் இலங்கையில் இல்லை, உலகத்தில் எங்கேயும் இல்லை. வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் மட்டும்தான் அது இருந்தது. பதினொரு வருஷமாக ஸீனத் அதைக் கீறிக்கொண்டிருந்தாள். பகலில் மருதானையில் ஓர் ஒபிஸில் ஊராருக்கு வீட்டுப் பிளான் போடுவாள். பின்னேரம் வீட்டுக்கு வந்து ட்ரேசிங் தாளை விரித்து, மெல்லிய மைப்பேனையால் தன் ஊருக்கு ஒழுங்கை வெட்டுவாள். ட்ராம் ஓடும் தெரு, மீன் சந்தை, ஒரு குடை விரித்தால் அடைபட்டுப் போகும் சந்து என்று எல்லாம் அங்கே இருந்தது. அவளைக் கேட்காமல் அந்த ஊரில் ஒரு மதிலும் எழும்பாது.

ஒபிஸில் பக்கத்து மேசை ரொஷேலுடையது. கொட்டாஞ்சேனைக்காரி, ஆறு வருஷச் சிநேகிதி. "எனக்கு ஒரு அந்தோனியார் கோயில் வை, ஸீ" என்று ஒருநாள் கேட்டாள். ஸீனத் மறுநாளே துறைமுகத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துக் கோயிலுக்கு இடம் எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவு நேசம். ரொஷேல் தமிழில் வாய் ஓயாமல் கதைப்பாள், ஆனால் படித்ததெல்லாம் சிங்களத்திலும் இங்கிலிஷிலும். தன் பெயரைத் தவிர ஒரு தமிழ் எழுத்தும் அவளுக்குத் தெரியாது. கல்யாணக் கார்ட் வந்தால் ஸீனத்தின் மேசைக்குத்தான் கொண்டுவருவாள்.

வேலையை விட்டுப் போகும்போது ரொஷேல் ஒன்பது தாள்களை வாங்கிப்போனாள், ஸ்கேன் எடுத்துவிட்டுத் தருவதாகச் சொல்லி. தந்தாள்தான். மூன்று மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு உப்புத்துறை வந்தது. பெயர் 'சால்ட் சிட்டி'. சின்ன வயதிலிருந்து ரொஷேல் கனவில் கண்ட நகரமாம், ஒவ்வொரு கோடும் அவளே தனியாகக் கீறியதாம். கோயிலுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஸீனத் கோல் எடுத்துக் கேட்டாள். ரொஷேல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"அது கற்பனை ஊர்தானே, ஸீ. கற்பனைக் காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதி வச்சிருக்கிறியா?"

அந்தக் கேள்வி ஸீனத்தின் நெஞ்சில் மீன் முள் மாதிரி நின்றது. சோறு உள்ளே இறங்கவில்லை. தொழுது முடித்துக் கையேந்தினால், துஆவில் முதலில் வருவது ரொஷேலின் முகம். மன்னிக்கும் மனசைத் தா என்று அவள் கேட்கவில்லை. ஒரு சந்தர்ப்பத்தைத் தா என்றுதான் கேட்டாள்.

சந்தர்ப்பம் தானாகவே கோல் எடுத்தது. காலி வீதியில், வெள்ளவத்தை பஸ் ஹோல்ட்டுக்கு நேர் எதிரே புதிதாக ஒரு ஹோட்டல் எழும்புகிறதாம். நாலு மாடி உயரத்துக்கு முன்சுவர் முழுக்கச் சால்ட் சிட்டி வேண்டுமாம். ஒன்பது தாள் பாதிச் சுவருக்குத்தான் காணும். மிச்சத்தைக் கீற ரொஷேலுக்கு எங்கே வரும்?

"வடக்குப் பக்கத்தை நீ கீறித் தாறியா, ஸீ? பழசை மறந்திடு. உதவிக்கு ஒராள் எண்டு உன்ர பேரையும் எங்கயாவது சின்னதாப் போடலாம்."

"தாரன்" என்றாள் ஸீனத்.

தங்கச்சி நப்லாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ராத்தா, ஒங்களுக்கு வெக்கம் ஈக்கா? களவெடுத்தவளுக்கே இன்னும் கீறிக் குடுக்கிறீங்க."

"வாய மூடிட்டு டீ ஊத்து" என்றாள் ஸீனத். அந்த வருஷத்திலேயே முதல் தடவையாக அவள் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

ஆறு கிழமை கீறினாள். நானூறு ஒழுங்கை, எல்லாம் கறுப்புக் கோடு. அவற்றுக்கிடையே ஐந்து கால்வாய். சந்தையைச் சுற்றிச் சுருண்டு வரும் ஒன்று, மடங்கி இறங்கும் ஒன்று, இப்படி ஐந்து. தாளில் பார்த்தால் கண்ணுக்குப் பிடிபடாது. ரொஷேலின் பெயரை எழுதத்தான் கை முதலில் துறுதுறுத்தது. அந்த ஒன்றை மட்டும் அவள் கண்டுகொள்வாள் என்பதால் விட்டுவிட்டாள். கொடுக்கும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"கால்வாய்க்கு நல்ல கடும் நீலம் அடிக்கச் சொல்லுங்க. தூரத்துக்கு வடிவா ஈக்கும்."

ரொஷேலுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. கொலன்னாவையிலிருந்து வந்த சிங்களப் பெயின்ட்காரர்கள் சுவரை மூடிக் கட்டிய வலைக்குப் பின்னால் நின்று, கோடு பிசகாமல் அடித்துக் கொடுத்தார்கள்.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை காலை. ஸீனத் நேரத்துக்கே போய் முன்வரிசையில் நின்றாள். சேலை கட்டி மல்லிகை வைத்து ரொஷேல் மேடையில் மைக்கோடு நின்றாள். ஹோட்டல் முதலாளி கயிற்றை இழுக்க, வலை சரிந்து விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

பஸ் ஹோல்ட் பக்கம்தான் முதலில் சிரிப்புக் கிளம்பியது. டியூஷனுக்குப் போக நின்ற பெண்பிள்ளைகள் சுவரைக் காட்டி உரக்க வாசித்தார்கள். பிறகு புடவைக்கடைக்காரர் வாசித்தார். மெதுவாகப் போன பஸ்ஸில் ஜன்னலுக்கு ஜன்னல் வாசித்தார்கள்.

உஷாந்தி என்ற பத்திரிகைப் பெண் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். "அக்கா, சுவரில இப்பிடி எழுதியிருக்கிறீங்களே, ஏன்?"

"எழுதினனானா? எங்க?" ரொஷேல் சுவரைப் பார்த்தாள், கால்வாய்தான் தெரிந்தது. பிறகு பழைய பழக்கத்தில் ஸீனத்தின் பக்கம் திரும்பினாள். "ஸீ, என்ன எழுதியிருக்கு?"

கல்யாணக் கார்ட் வாசித்த அதே குரலில், அவசரமில்லாமல் ஸீனத் ஒவ்வொரு கால்வாயாக வாசித்துச் சொன்னாள். "இ, து, க, ள, வு. இது களவு."

ரொஷேலின் கையிலிருந்த மைக் கீழே விழுந்தது. முதலாளி விஷயத்தை யாரிடமோ சிங்களத்தில் கேட்டறிந்துகொண்டு கடும் கோபத்தோடு வந்தார். இதை வரைந்தது யார் என்று ரொஷேலிடம் கேட்டார். எல்லாப் போன்களும் அவள் பக்கம் திரும்பின.

நான் என்று சொன்னால், தன் சுவரில் களவு என்று தானே எழுதியவளாவாள். இல்லை என்று சொன்னால், கனவும் இல்லை, நகரமும் இல்லை. வடக்கை மட்டும் ஸீனத் கீறினாள் என்றால், களவுபோனது என்ன என்றுதான் அடுத்த கேள்வி வரும். ஸீனத் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றரை வருஷமாக ஏங்கிய நேரம் இது, அதில் ஒரு நொடியையும் வீணாக்க அவளுக்கு மனமில்லை.

ரொஷேல் கையை நீட்டி ஸீனத்தைக் காட்டினாள். "இவதான். வடக்கு மட்டும் இல்ல, முழுக்க இவதான் கீறினது. நான் ஒரு கோடும் கீறேல்ல."

ஸீனத்தின் வயிறு குளிர்ந்தது. போதும் என்று விட்டிருக்கலாம், நல்லவளாக இருந்திருந்தால். அவள் கீழே கிடந்த மைக்கை எடுத்துத் துடைத்து, சிநேகிதியின் கையில் வைத்தாள்.

"பஸ் ஹோல்ட்டுக்குக் கேக்கல்ல, ரொஷேல். இன்னொருக்காச் சொல்லுங்க."

ரொஷேல் இன்னொருக்காச் சொன்னாள்.