புயலின் கைகள்

சங்கத்துக்குப் புதிய வீடியோ கான்ஃபரன்ஸ் கருவி வாங்கும் வேலை கன்னக்குழியின் தலையில் விழுந்தது. காது கேளாதோர் சங்கத்தின் தலைமை அலுவலகத்தில் அவள் மேலாளர். கன்னக்குழி என்பது அவளுடைய சைகைப் பெயர். சிரிக்கும்போது விழும் குழியை விரலால் தொட்டுக் காட்டினால் அது அவள். அப்பா வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அதைச் சொல்லி எத்தனை பேர் கூப்பிட்டும் அவள் திரும்பிப் பார்த்ததில்லை, காது கேட்டால்தானே!

இவர்கள் கையால் பேசியதையெல்லாம் வாயால் பேசியது போலவே இங்கே எழுதுகிறேன். அவர்களுக்கு அது பேச்சுதான்.

பழைய கருவி வந்தபோது கன்னக்குழி வேலைக்குப் புதிது. தொப்பை வைத்த டிவி, அதன் தலைமேல் தவளை போல உட்கார்ந்த கேமரா. அந்தப் பக்கம், ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போக வேண்டிய தூரத்து ஊரில், கிளை அலுவலகம். கிளைச் செயலாளரின் பெயர் புயல். அவர் கை பேசும் வேகத்துக்கு வேறு பெயர் பொருந்தாது.

படம் விட்டுவிட்டு வரும். வேகமாகப் பேசினால் விரல்கள் கரைந்து கூழாகிவிடும். அதனால் எல்லாரும் ஒரு வழக்கம் பழகினார்கள். ஒரு சொல்லைப் பெரிதாகக் காட்ட வேண்டும், படம் வந்து சேரும்வரை கையை அப்படியே நிறுத்த வேண்டும், பிறகு அடுத்த சொல். புயலுக்குத்தான் உயிர் போயிற்று. "என் காலைக் கட்டிப்போட்டு ஓடச் சொல்றீங்க" என்பார். அதைச் சொல்லி முடிக்கவே அரை நிமிஷமாகும்.

ஆனாலும் அந்த அறையில் எப்போதும் திருவிழாக் கூட்டம்தான். கூட்டத்தில் வேலையே இல்லாதவர்கள்கூட அந்த ஊரில் இருக்கும் சிநேகிதர்களைப் பார்க்க வந்து சுவரோரம் நிற்பார்கள். கன்னக்குழி தன் மகளைப் பெற்று முதன்முதலாகத் தூக்கி வந்து கேமராவுக்குக் காட்டியபோது, குழந்தை கொட்டாவி விட்டது. படமும் அங்கேயே உறைந்துவிட்டது. இணைப்பு திரும்பும்வரை கிளை முழுக்க அந்தக் கொட்டாவியையே பார்த்துக்கொண்டிருந்தது. புயல் மீசையை எடுத்த விஷயம் ஒரு மாதம் வரைக்கும் இங்கே யாருக்கும் தெரியவில்லை.

புதுக் கருவி வாங்கலாம் என்றபோது வேண்டாம் என்று நின்றவர் புயல் ஒருவர்தான். "பழசே போதும். காசைக் கரியாக்காதீங்க." வயசானதும் கையை இறுக்க ஆரம்பித்துவிட்டார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

முதலில் வந்த விற்பனையாளர், கழுத்துப்பட்டையைத் தளர்த்தக்கூட நேரமில்லாமல், ஒலியைப் பற்றியே பேசினார். காது கேட்கும் தங்கைதான் கன்னக்குழிக்கு மொழிபெயர்ப்பாளர். "அங்கே மூச்சு விட்டா இங்கே கேக்குமாம்க்கா" என்று சொல்வதற்குள் தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"சத்தத்தை மொத்தமா எடுத்துட்டா விலை குறையுமான்னு கேளு" என்றாள் கன்னக்குழி.

இரண்டாவது கருவியில் படம் கண்ணாடி போல இருந்தது. எதிர்ச் சுவரின் விரிசல்கூடத் தெரிந்தது. ஆனால் கையை அசைத்ததும் ஐந்து விரலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. சுவரோடு பேசுவதென்றால் வாங்கலாம் என்று அனுப்பிவைத்தாள்.

மூன்றாவதாக வந்த பெண் பொறியாளர் பெட்டியைத் திறக்கும் முன்பே, "நீங்க எவ்வளவு வேகமா பேசுவீங்க? கொஞ்சம் பேசிக் காட்டுங்க" என்றாள். பார்த்துவிட்டு எதையோ மாற்றினாள். "இணைப்பு மந்தமானா படம் லேசா மங்கும். அசைவு மட்டும் விட்டுப்போகாது. உங்களுக்கு அதுதானே வேணும்?"

கிளையிலும் ஒரு கருவியைப் பொருத்தியிருந்தார்கள். புயல் தன் எழுத்தரைத்தான் உட்கார வைத்திருந்தார். "வேகம்னா அவர்தான். அவரை வரச் சொல்லுங்க" என்று கன்னக்குழி பிடிவாதம் பிடித்தாள்.

வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கை இரண்டும் மேசைக்கு அடியில்.

"பேசுங்கண்ணா. படம் எப்படி இருக்கு?"

தலையை மட்டும் ஆட்டினார்.

"உங்களை நிறுத்தத்தானே எங்களால முடியாது, இன்னிக்கு என்ன?"

மெல்லக் கையை மேலே எடுத்தார். "நல்லா இருக்கு" என்றார். அந்தச் சின்னச் சொல் நடுங்கி நடுங்கி வந்தது. விரல்கள் காற்றில் அகப்பட்ட இலை போல ஆடின. தங்கைக்கும் புரிந்துவிட்டது, ஏதோ கேட்பது போலப் பொறியாளரை வெளியே கூட்டிப்போனாள்.

"எப்போலேருந்துண்ணா?"

"ரொம்ப நாளாச்சு. அந்தப் பழைய டிவியில எல்லார் கையும் ஆடும். என் கை ஆடுறது யாருக்குத் தெரியும்?"

"டாக்டர்?"

"பாத்தேன். நரம்புக் கோளாறுன்னு மாத்திரை குடுத்தார். நிக்கல. மத்தவங்களுக்கு இது வெறும் கை. எனக்கு நாக்கு."

அந்த வாரமே கன்னக்குழி பஸ் ஏறினாள். புயலின் வீட்டுக் கதவைத் திறந்த அண்ணி அவளைக் கட்டிக்கொண்டு, பிறகு ஒரு கையால் சுருக்கமாகச் சொன்னாள்: "என்கிட்டகூட பேச்சைக் குறைச்சுட்டார். நீயாவது வந்தியே."

புயல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கன்னக்குழி சுற்றி வளைக்கவில்லை. "உங்களுக்கு வேணாம்னா பழசையே வெச்சுப்போம். கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவர் திருப்பிக் கேட்டார். "போன கூட்டத்துல நம்ம கிளைக் கட்டடத்தைப் பத்தி ஒண்ணு சொன்னேனே, என்ன சொன்னேன்?"

கன்னக்குழிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"தெரியாது. யாருக்குமே தெரியாது. மரியாதைக்குத் தலையாட்டினீங்க. மங்கல்ல ஒளிஞ்சுக்கலாம்னு பாத்தேன். கூடவே நான் சொன்னதும் ஒளிஞ்சுபோச்சு." நடுங்கும் கையைக் காட்டினார். "இதைத் தெளிவா பாத்தா உனக்குப் புரியுதுல்ல?"

"ஒரு சொல் விடாம புரியுது."

"அப்போ மூணாவதை வாங்கு."

வாங்கினார்கள். தொப்பை டிவியைத் தூக்கிப் போனபோது கன்னக்குழி வாசல்வரை கூடவே போனாள். இனிமேல் யாரும் சொல்லுக்குச் சொல் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் காத்திருக்கப் போவதில்லை. அந்தக் காத்திருப்பில் எத்தனை சிரிப்பு இருந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

புதுத் திரையில் நடந்த முதல் கூட்டத்தில் புயல் தானாகவே முன்னால் வந்து உட்கார்ந்தார். தன் கைக்கு வந்த கோளாறை எல்லாருக்கும் சொன்னார். "நான் பேசும்போது கொஞ்சம் பொறுமையா பாருங்க. ஒரு நல்லதும் இருக்கு. டம்ளர்ல சர்க்கரை கலக்க எனக்கு இப்போ கரண்டியே வேணாம்."

அறை குலுங்கியது. பிறகு கட்டடத்தைப் பற்றி, கூரை ஒழுகும் இடத்திலிருந்து ஆரம்பித்து, சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். முடித்ததும் இரு ஊரிலும் எல்லாரும் கைதட்டினார்கள். அவர்கள் கைதட்டல் சத்தமில்லாதது. இரு கைகளையும் உயரத் தூக்கி விரல்களைப் படபடவென ஆட்டுவார்கள்.

திரை நிறைய ஆடும் கைகளைப் புயல் ஒரு முறை நன்றாகப் பார்த்தார்.

"என்ன, எல்லாருக்கும் தொத்திக்கிச்சா?" என்றார்.