நாளைக்குத்தான் பயணம்

ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்த இரண்டு பேரும் வாசற்படியில் கால் வைக்கப் போனபோது சோலைச்சாமி குறுக்கே கையை நீட்டினார்.

"உள்ள வேண்டாம்ப்பா. தெருவுலயே வைங்க, பந்தலுக்குக் கீழ."

பெட்டி நல்ல கனம். தூக்கி வந்தவர்களுக்கு உள்ளே வெளியே என்று வழக்காடத் தெம்பில்லை. அப்படியே பந்தலுக்குக் கீழே இறக்கிவிட்டு, வயர் சொருக எங்கே இடம் என்று கேட்டார்கள். உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்த ஈஸ்வரிக்கு அது கேட்டது. காலையிலிருந்து யார் என்ன சொன்னாலும் பாதிதான் காதில் ஏறியது. இது மட்டும் முழுசாக ஏறியது.

எழுந்து வாசல் நிலைக்கு வந்தாள். "எதுக்குப் பெரியத்தான் தெருவுல வைக்கச் சொல்லுதீக?"

சோலைச்சாமி, இறந்துபோன அவள் புருஷன் காளிராஜுக்கு அண்ணன், அடுத்த வீட்டுக்காரர். அழுதழுது அவருக்கு முகமே வீங்கியிருந்தது. அவளை நேராகப் பார்க்காமல் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"வெளிய போன உசிரு தாயி. வாசலோட வச்சு எடுத்துர வேண்டியதுதான். ஒனக்குத் தெரியாத வழக்கமா?"

தெரியும். அவர்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வெளியில் செத்தவரை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. லாரியில் அடிபட்டவர், மதுரை ஆஸ்பத்திரியில் போனவர், பட்டாளத்தில் செத்துக் கொடி போர்த்தி வந்த பையன் என்று ஒருத்தருக்கும் விலக்குக் கிடையாது. அத்தனை பேரையும் தெருவில் கிடத்தித்தான் எடுத்தார்கள். அந்தச் சாவுக்கெல்லாம் ஈஸ்வரியும் போய் மாரடித்து அழுதுவிட்டு வந்தவள்தான். இது என்ன நியாயம் என்று ஒரு நாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. தன் வாசலுக்கு வரும்போதுதானே தோன்றும்.

காளிராஜைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் லீவில் வந்த புருஷனோடுதான் குடும்பம் நடத்தினாள். முதலில் பட்டாளம். மகள் இந்து பிறந்தது அவருக்குத் தந்தியில்தான் தெரியும். பட்டாளத்தை விட்டு வந்ததும் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் செக்யூரிட்டி வேலை, அதுவும் ராத்திரி ஷிப்ட். ஊரே தூங்கும்போது அவர் கிளம்புவார். ஊர் எழுந்திருக்கும்போது வந்து படுப்பார். அந்த வேலையும் போன வருஷம் முடிந்தது. அப்பாடா, இனி மனுஷன் வீட்டில் இருப்பார் என்று அவள் நிமிர்ந்து உட்காருவதற்குள் சைக்கிள் வந்து சேர்ந்தது.

கியர் வைத்த சைக்கிள். விடிந்தும் விடியாமலும் அதில் ஏறித் தென்காசி ரோட்டில் போய்விட்டு வியர்வை சொட்டச் சொட்ட வருவார். பென்ஷன்காரருக்கு வந்த கிறுக்கைப் பார் என்று டீக்கடையில் சிரித்தார்கள். உடம்புக்கு நல்லதுதானே என்று அவளும் விட்டுவிட்டாள். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர், ரசத்தை ஊற்றிக்கொண்டே, பதான்கோட் வரைக்கும் சைக்கிளில் போகப்போவதாகச் சொன்னார். பட்டாளத்தில் முதல் முதலாக அவரைப் போட்ட இடம் அது, வடக்கே பஞ்சாபில்.

"யாரு கூட?"

"தனியாத்தான்."

அந்தத் 'தனியாத்தான்' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கூட வருகிறாயா என்று கேட்டிருந்தால், இந்த முட்டியை வைத்துக்கொண்டு நான் எங்கே வர என்று அவளே மறுத்திருப்பாள். கேட்கவே இல்லையே. நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பாட்டுக்குப் பைகளை அளந்து தைக்கக் கொடுத்தார், டியூப் வாங்கினார், வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார். போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. எந்தக் காலத்தில் சொல்லி எந்தக் காலத்தில் அவர் நின்றார்?

ஆனால் செவ்வாய்க்கிழமை கிளம்புகிறேன் என்றதும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"செவ்வாக்கெழம வடக்க சூலம்."

"மதுரையில நம்ம பழைய ஹவில்தாரு அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு எதிர்பாத்துட்டு இருப்பாரு. மாத்த முடியாது. அதுவும் போக, வழி பூராம் வாராவாரம் செவ்வாக்கெழம வரத்தான செய்யும்? அன்னைக்கெல்லாம் சைக்கிள நிப்பாட்டிட்டு ரோட்டுல குத்த வச்சிருக்கவா?"

"நடுவுல வாரதுக்குத் தோசமில்ல. மொத அடிக்குத்தான்."

அவளே ஒரு வழியும் சொன்னாள். நாள் சரியில்லாதபோது பெரியவர்கள் செய்கிற வழிதான். முந்தின நாளே பையோடு வீட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். வேறு ஒரு கூரையின் கீழ் ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் புறப்படலாம். பயணம் திங்கட்கிழமையே தொடங்கியதாகக் கணக்கு. அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் லாட்ஜில் படுத்துக்கொள்கிறேன், உன் சாமிக்கும் சமாதானம் எனக்கும் சமாதானம் என்று ஒத்துக்கொண்டார்.

இன்றைக்குக் காலையில் பைகளைக் கட்டி முடித்து அவர் ஏறி உட்கார்ந்தபோது அவள் ஒன்று சொன்னாள்.

"அத மறந்துட்டேன் இத மறந்துட்டேன்னு திரும்பி வந்துராதீக. வந்தா செஞ்சதெல்லாம் வீணு. நான் கதவத் தொறக்க மாட்டேன், இப்பமே சொல்லிட்டேன்."

அவர் நெற்றியில் கை வைத்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். தெருமுனை திரும்பும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற நாளைவிட மெதுவாகத்தான் மிதித்தார். சுமை இருக்கிறதே, அதனால் என்று நினைத்தாள்.

வெயில் ஏறும்போது சோலைச்சாமியின் மகன் விஜயபாண்டி போன் பண்ணினான். ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸாக இருக்கிறான். "சித்தி, நீங்க செத்த உக்காருங்க," என்றுதான் ஆரம்பித்தான். ஊருக்குள் நுழையும் முன்னே ரோட்டோரத்து டீக்கடையில் சித்தப்பா சாய்ந்துவிட்டார், ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது என்றான். ஆஸ்பத்திரி வேலையெல்லாம் அவனே பார்த்தான். சென்னையிலிருந்து இந்து கிளம்பிவிட்டாள். எப்படியும் விடிந்துதான் வந்து சேருவாள். அதுவரை வைத்திருக்கத்தான் இந்தப் பெட்டி.

சங்கு ஊதாமலே தெரு முழுக்க ஆள் கூடிவிட்டது. ஆம்புலன்ஸ் பின்பக்கமாக வந்து பந்தலை ஒட்டி நின்றது. அதன் பின்னால் ஒரு லோடு ஆட்டோவில் சைக்கிள் வந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்தபடி அந்த டீக்கடைக்காரர் மாரிச்சாமியும் நின்றுகொண்டு வந்திருந்தார். விஜயபாண்டியும் இன்னும் மூன்று பேரும் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். தலை மட்டும் தெரிந்தது. காலையில் படிய வாரிவிட்டுப் போன தலை கலைந்திருந்தது.

ஈஸ்வரி அழவில்லை. நிலையை விட்டு நகரவுமில்லை.

"உள்ள கொண்டாங்க," என்றாள்.

"ஈஸ்வரி, சொன்னாக் கேளு." சோலைச்சாமி அவள் பக்கமாக வந்தார். "எனக்கு மட்டும் ஆசையா? அவன நான் தோள்ல தூக்கி வளத்தவன். ஒரே செவுரு நம்ம ரெண்டு வீட்டுக்கும். எங்க வீட்டுல பொண்ணுக்குப் பூ வச்சிருக்கோம், வார மாசம் கல்யாணம். வெளிய போன உசிர உள்ள விட்டா குடும்பத்துக்கு ஆகாது தாயி."

"அவிய வெளிய போகல பெரியத்தான்."

கூட்டத்தில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அவிய இன்னும் கெளம்பவே இல்ல. நாளைக்குத்தான் பயணம். இன்னிக்குச் சும்மா சாத்திரத்துக்குப் போனாவ. இங்கிட்டு இருக்க ஸ்ரீவில்லிபுத்தூரு. நம்ம சந்தைக்குப் போற எடம். அது ஒரு வெளியா?"

சோலைச்சாமி அவளையே பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, அவர் தணிந்த குரலில்தான் கேட்டார்.

"நேத்து எங்க வீட்டுக்கு வந்து நீ என்ன சொன்ன? திங்கக்கெழமயே கெளம்ப வச்சிட்டேன், இனிமே சூலம் ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னியா இல்லியா? காலைல போகும்போது பயணம், இப்பப் பயணம் இல்லியா? ஒரே சாத்திரத்த நீ ரெண்டு பக்கமும் இழுத்தா நான் என்ன செய்ய?"

அவர் சொன்னது வரிக்கு வரி உண்மை. நான்கு பேர் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். விஜயபாண்டி அப்பாவைப் பார்த்தான், சித்தியைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். அவள் நிலைக்கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் வெளியிலேயே இருந்த மனுஷனை இந்த ஒரு ராத்திரியாவது உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சைக்கிளை இறக்கிக்கொண்டிருந்த மாரிச்சாமி அதைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தார். வெளியூர்க்காரர்; இங்கே வாயைத் திறக்கலாமா என்ற தயக்கம் அவருக்கு.

"நான் ஒண்ணு சொல்லலாங்களா? என் கடையிலதான் அண்ணாச்சி உக்காந்திருந்தாரு."

சோலைச்சாமி தலையசைத்தார்.

"பையெல்லாம் கட்டியிருக்கே, எங்க பயணம், எப்பக் கெளம்புனீகன்னு கேட்டேன். 'இன்னும் கெளம்பல தம்பி, நாளைக்குத்தான் பயணம். இன்னைக்கு வீட்டம்மா மனசுக்காக ஒரு ஊர்வலம்'னு சிரிச்சாரு. அந்தம்மா சொல்லுதது சரிதான். அவரு வாயாலயே சொன்னாரு."

"வேற என்ன சொன்னான்?"

மாரிச்சாமி ஈஸ்வரியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

"லாட்ஜுல போயிப் படுக்க மனசில்ல, திரும்பிப் போயிரலாமான்னு பாக்கேன்னாரு. ராத்திரி வீட்டுல படுத்துட்டு விடியக்காலம் கெளம்பலாம், என்ன ஒரு இருவது கிலோமீட்டரு கூட, ஆனா அவ கதவத் தொறக்க மாட்டாளேன்னாரு. டீயக் கையில குடுத்தேன். பாதி குடிச்சாரு. பொறவு பெஞ்சுலயே அப்படிச் சரிஞ்சுட்டாரு."

சோலைச்சாமி துண்டை வாயில் பொத்திக்கொண்டார். பிறகு, யாரையும் பார்க்காமல், உள்ளே கொண்டுபோகும்படி கையைக் காட்டினார்.

ஈஸ்வரி ஒதுங்கி வழி விட்டாள். அவள் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அந்த டீக்கடைக்காரர் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு. அவள் புருஷன் திரும்பி வந்து கதவைத் தட்டியிருந்தால் திட்டியிருப்பாள், சந்தேகமே இல்லை. தெருவுக்கே கேட்கும்படி திட்டிவிட்டுத் திறந்திருப்பாள். தோசை ஊற்றிப் போட்டிருப்பாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அது அந்த மனுஷனுக்குத் தெரியாமல் போயிற்றே என்றுதான் அவளுக்கு முதன்முதலாக அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முன்னறையில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். பெட்டியை இனி உள்ளே கொண்டுவந்து சொருகி, அது குளிர்ந்த பிறகுதான் அவரை வைக்க முடியும் என்றார் பெட்டிக்காரர். வயரை இழுத்து, நிலையை ஒட்டி நடையில் வைத்து ஓடவிட்டார். தூக்கி வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். சோலைச்சாமி அனுமதித்தாரே தவிர அவர் உள்ளே வரவில்லை. அவர் வராததால் மற்றவர்களும் வரவில்லை. பெண்கள் வாசலில் நின்றே ஒப்பாரி வைத்தார்கள். பந்தலுக்குக் கீழே நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. வீட்டுக்குள் அவளும் அவரும்தான்.

போர்த்தியிருந்த துணி கீழே விலகியிருந்தது. ஷூவை ஆஸ்பத்திரியிலேயே கழற்றிவிட்டார்கள் போல. வலது கெண்டைக்காலில் செயின் உரசி, பல் பல்லாகக் கறுப்புக் கிரீஸ் மை ஒட்டியிருந்தது. தினமும் அப்படி வந்துதான் திண்டாடுவார். தலையணை உறையில் துடைத்து வைத்து ஏச்சு வாங்குவார். ஈஸ்வரி அடுப்படிக்குப் போய்த் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்து கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். எண்ணெயைத் தடவிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். விடிந்ததும் எப்படியும் குளிப்பாட்டத்தான் போகிறார்கள். அது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு பல்லாக, அவசரமில்லாமல் துடைத்தாள். மை கரைந்து தலைப்பில் ஏறியது.

"அம்மா, பெட்டி குளுந்துருச்சு. வச்சிரலாமா?" என்று நடையிலிருந்து பெட்டிக்காரர் கேட்டார்.

"இருங்க தம்பி. இன்னும் ஒரு கால் இருக்கு," என்றாள்.

வலது காலை மெதுவாகப் பாயில் இறக்கிவிட்டு இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதில் மை எதுவும் இல்லை.